பின்கண்ணாடி

ஞாயிற்றுக்கிழமை என்பதால் தொழிற்சாலையின் ஏழரை மணிச் சங்கு ஊதவில்லை, ஊதாவிட்டாலும் அந்த நேரம் வந்ததும் சிவராமனின் கை தானாக ஒரு கணம் நின்றது, பிறகு மறுபடி உப்புத்தாளைத் தேய்க்கத் தொடங்கியது, தேய்க்க என்ன இருக்கிறது, துருவெல்லாம் நேற்றே போயாயிற்று, மறுபடி பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் தடவிக் காய்ந்தும் ஆயிற்று, நேற்றுத் தடவியதைத்தான் இன்றைக்குச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது... இருந்தாலும் அந்த ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்து கட்டியாக நிற்கிறதே, அதன்மேல் கண்ணாடியின் ரப்பர் எப்படி உட்காரும். பிக்கப் வண்டியின் தொட்டியில், லோடு ஏற்றுகிற இடத்தில், பழைய சாக்கை மடித்துப் போட்டு முட்டி போட்டிருந்தார். எதிரே கேபினின் பின்சுவரில் கண்ணாடி இருந்த இடம் நீளச் சதுரமாகத் திறந்து கிடந்தது, அதன் வழியாகப் பார்த்தால் ஸ்டியரிங், அதைத் தாண்டி முன்கண்ணாடி, அதையும் தாண்டி குவார்ட்டர்ஸின் மஞ்சள் சுவர், அடுக்களை ஜன்னல். ஜன்னல் சாத்தியிருந்தது. பஞ்சவர்ணம் எழுந்திருப்பாள், காப்பி போட்டிருப்பாள், ஆனால் ஜன்னலைத் திறக்க மாட்டாள், திறந்தால் வண்டி கண்ணில் படுமே. வியாழக்கிழமை வரைக்கும் அது அப்படித்தான் சாத்தியிருக்கும், அதற்குப் பிறகு வண்டி இங்கே நிற்காது, அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம். வியாழக்கிழமை லாவண்யாவுக்குக் கல்யாணம். மருமகளுக்குக் கல்யாணம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார், இரண்டு சொல்லும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றன.

மகன் போய் இரண்டு புரட்டாசி ஆகிவிட்டது. போய் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், அவரும் சொல்கிறார், எங்கோ லோடு இறக்கப் போனவன் போல... அது என்னவோ அப்படித்தான் நடந்தது, அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு இறக்கிவிட்டு, நெஞ்சு கரிக்கிறது, கேஸ் பிடித்திருக்கிறது என்று ஒரு சோடா வாங்கிக் குடித்திருக்கிறான், ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று பக்கத்து வண்டிக்காரனிடம் சொல்லியிருக்கிறான், சீட்டில் ஏறித் தலையைப் பின்னால் சாய்த்திருக்கிறான். கார்த்திகேசன் எப்போதும் அப்படித்தான் உட்காருவான், தலை பின்கண்ணாடியில் முட்டும்படி, எத்தனை தரம் சொன்னாலும் கேட்க மாட்டான், டேய், கண்ணாடி பூரா எண்ணெய்டா, பின்னாடி என்ன வருதுன்னே தெரியலடா... இருக்கட்டும்பா, கண்ணாடிக்கும் குளிர்ச்சி வேணாமா. அவன் போன பிறகும் அந்த எண்ணெய்க்கறை உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே இருந்தது. லாவண்யா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, அவன் ஓட்டிய அதே லோடுகளை ஓட்ட ஆரம்பித்தாள், வாரம் தவறாமல் வண்டியைக் கழுவுவாள், முன்பக்கம், கதவு, டயர், எல்லாம் கழுவுவாள், அந்த இடத்தை மட்டும் தொட மாட்டாள். லோடு இல்லாத மத்தியானங்களில் பஞ்சவர்ணம் கேபினில் ஏறி உட்கார்ந்திருப்பாள், கறையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள், சும்மா அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். போன மாதம் திருமுல்லைவாயலில் ஒரு மாடு குறுக்கே வர, லாவண்யா பிரேக்கை மிதிக்க, தொட்டியிலிருந்த இரும்புக் குழாய் ஒன்று கட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்து கண்ணாடியைக் குத்திவிட்டது. அவளுக்குக் கழுத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். கண்ணாடி கற்கண்டு கற்கண்டாக உதிர்ந்து சீட்டெல்லாம் கிடந்தது. சிவராமன்தான் பெருக்கினார், முறத்தில் அள்ளினார், எந்தத் துண்டில் கறை இருந்தது என்று யார் கண்டது. பஞ்சவர்ணம் வாசல் வரைக்கும் வந்து, கொட்டிட்டீங்களா என்று மட்டும் கேட்டாள். கொட்டிவிட்டார். அவள் மருமகளின் கழுத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் லாவண்யா முடிவு செய்திருப்பாளோ... இருக்காது, அதற்கு முன்னாலேயே இருந்திருக்கும், ஆனால் அன்றைக்கு அந்தக் கீறலுக்கு மஞ்சள் வைத்தது யார், அவளேதான் முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று வைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம், குழாயடியில் அவர் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். மாமா, ஒண்ணு சொல்லணும். கள்ளிக்குப்பத்தில் இரும்புச் சாமானுக்குப் பெயிண்ட் மாதிரி பவுடர் கோட்டிங் அடிக்கிற கடை வைத்திருக்கிறவர், பாண்டியன் என்று பெயர், அவர் கடைக்கு இவள் இரண்டு வருடமாக லோடு அடிக்கிறாள், அவருக்கு முதல் கல்யாணம் நிலைக்கவில்லை, நல்ல மாதிரி, கேட்டார், இவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள், யோசித்துவிட்டாள். சிவராமன் குழாயை மூடினார். சரி, என்றார். அந்தச் சரி என்ன சரி? ஆகட்டும் என்கிற சரியா, கேட்டுக்கொண்டேன் என்கிற சரியா, அவருக்கே இன்று வரை தெரியவில்லை, அவளும் திருப்பிக் கேட்கவில்லை. அந்தப் பாண்டியன் ஒருநாள் வந்தார், பைக்கைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு உள்ளே தள்ளாமல் நடந்து வந்தார், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், நகக்கண்ணில் சாம்பல் நிறப் பவுடர், டீயைக் குடித்துவிட்டு டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வெறுக்க ஒரு காரணம் தேடித் தேடிப் பார்த்தார் சிவராமன், ஒன்றும் அகப்படவில்லை. சுவரில் மாலையோடு இருந்த கார்த்திகேசனின் படத்தை அந்த ஆள் நேராகப் பார்த்தார், கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை, கையும் கூப்பவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். பஞ்சவர்ணம் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவர் போன பிறகு வந்தாள். என் புள்ள ஓட்டுன வண்டிய இன்னொருத்தன் வாசல்ல கொண்டு போய் நிறுத்துவாளா இவ, என்றாள். வண்டி அவ பேருல இருக்கு, அவ ஓட்டுறது, அவ எடுத்துட்டுப் போவா, என்றார் சிவராமன். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அவளை எதிர்த்து அவர் பேசியதில் அதுதான் நீளமான பேச்சாக இருக்கும். அன்றிலிருந்து அவளுக்கு அவரோடும் பேச்சு இல்லை. வேப்பம்பட்டில் லாவண்யாவின் அண்ணன், நாங்க தலையிட மாட்டோம், வரவும் மாட்டோம் என்று போனை வைத்துவிட்டான், அப்பா அம்மா இருவரும் இல்லாத பெண். ஒரு பிள்ளை இருந்திருந்தால்... இருந்திருந்தால் என்ன, போகாமல் இருப்பாளா, இல்லை, போனாலும் அந்தப் பிள்ளையைப் பார்க்கிற சாக்கில் மாதம் ஒருமுறையாவது... சே, என்ன நினைப்பு இது, ஒரு குழந்தை இல்லாமல் போனதற்கு எதற்கெல்லாம் வருத்தப்படுவது.

கண்ணாடிக்கு ரப்பர் வாங்கப் போனபோது குமணன்சாவடிக் கடைக்காரன் சிரித்தான். இன்னா நைனா, இந்த மாடலுக்கு ரப்பர் தேடிக்கினு வந்துகீற, பேசாம வண்டிய பேரீச்சம்பயத்துக்குப் போட்டுட்டு வேற எடுக்கச் சொல்லு உன் புள்ளைய. சொல்றேன், என்றார் சிவராமன். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். கடைக்காரன் பரணில் ஏறித் தேடிக்கொண்டே பேசினான், இந்தக் காலத்துப் பசங்க எங்க நைனா கேக்கப்போறானுங்க, என் புள்ளயும் அப்பிடித்தான், நான் ஒண்ணு சொன்னா அவன் ஒண்ணு பண்ணுவான், உன் புள்ள எப்டி? அவனும் அப்படித்தான், என்றார். தலையை எங்கே சாய்க்காதே என்றால் அங்கேதான் சாய்ப்பான், என்றார். அந்தக் கடையில் இருந்த நேரம் முழுக்கக் கார்த்திகேசன் இருந்தான், சொன்ன பேச்சுக் கேட்காமல், பழைய வண்டியை விட மனசில்லாமல், வீட்டில் இருந்தான். ரப்பர் கிடைத்தது, கண்ணாடியும் வெட்டி வாங்கியாயிற்று, இன்னொரு சைஸ் பார்க்கலாமா என்று கேட்டார், எதுக்கு நைனா, கரீட்டா கீது, என்றான். வெளியே வந்தபோது பெங்களூர் சாலையில் லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின, ரப்பர் வளையத்தைத் தோளில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார், கண் எரிந்தது, தூசிதான்.

"மாமா, டீ."

லாவண்யா தொட்டியின் ஓரத்துக்கு மேலே டம்ளரை நீட்டினாள், இன்னொரு கையில் சோப்புத்தண்ணி வாளி. பழைய சுடிதார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள், லோடுக்குப் போகிற நாளில் கட்டுகிற மாதிரி. காம்பவுண்டுச் சுவர்மேல் கிடந்த ரப்பரைத் தொட்டுப் பார்த்தாள்.

"போட்டுடலாமா மாமா?"

"இன்னும் கொஞ்சம் வெயில் ஏறட்டும்மா. ரப்பர் இளகணும்."

"விடியறதுக்கு முன்னாடியே கொண்டாந்து போட்டுட்டீங்க. நிலா வெளிச்சத்துல இருந்து இளகிக்கினு கீது. இதுக்கு மேல இளகுனா வாளியில தான் புடிக்கணும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று டீயைக் குடித்தார். மாடியில் அப்பாவு பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார், தொழிற்சாலையில் சிவராமனோடு ஒரே பிரிவில் வேலை பார்க்கிறவர், இங்கே எல்லோருடைய வீட்டிலும் என்ன குழம்பு என்று தெரிந்துவைத்திருக்கிறவர், இந்த ஒரு விஷயம் மட்டும் இன்னும் அவருக்குத் தெரியாது.

"இன்னா சிவராமா, ஞாயித்துக்கெயமையும் டூட்டி போட்டுட்டாங்களா உனுக்கு?"

"ஓவர்டைம்பா."

"போடு போடு. மருமவ கைல டீயோட ஓவர்டைம் எவனுக்குக் கெடைக்கும். எங்கூட்டு மருமவள டீ கேட்டா மீட்டிங்ல கீறேன் மாமா, நீங்களே போட்டுக்கினு எனக்கும் ஒண்ணு குடுங்கன்றா. உனுக்கு இன்னாய்யா, கடசி வரைக்கும் கவலையே இல்ல."

லாவண்யா வாளிக்குள் கையை விட்டுச் சோப்பைக் கலக்கினாள், கலந்த சோப்பையே கலக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவு கொப்பளிக்க உள்ளே போனார். கடைசி வரைக்கும்... அடுத்த வருடம் ரிட்டயர்மெண்ட், இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், இவரும் பஞ்சவர்ணமும் எங்கே போவார்கள், சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம் யார் இருக்கிறார்கள் இப்போது, இங்கேயே எங்காவது வாடகைக்கு, இரண்டே பேர், ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பேர். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். எடும்மா ரப்பரை, என்றார்.

கண்ணாடியைப் போர்வைமேல் படுக்கவைத்து ரப்பரைச் சுற்றி மாட்டினார்கள். அவர் ஒரு மூலையைப் பிடிக்க, அவள் எதிர் மூலையில் இழுத்து உட்காரவைத்தாள். பிறகு நைலான் கயிறு, அதை ரப்பரின் உள்வாய்க்குள் சுற்றிவரச் செருக வேண்டும், இரண்டு முனையும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தொங்க வேண்டும், கரண்டிக் காம்பால் ரப்பரைப் பிளந்து பிளந்து அவளே செருகினாள், எங்கே கற்றாள் இதை, அவர் சொன்னதைப் போன வாரம் ஒருமுறை கேட்டதுதான். எல்லாம் அப்படித்தான் கற்றாள். கார்த்திகேசனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, கியர் எப்படி மாமா என்று கேட்டாள், தொழிற்சாலை மைதானத்துக்குப் பின்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார், வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது, நிற்கும்போதெல்லாம் இரண்டு பேரும் முன்னால் பார்த்தபடி அழுதார்கள், அப்புறம் மறுபடி சாவியைத் திருப்புவாள். அழுகைக்கும் ஓட்டுவதற்கும் அது வசதியாக இருந்தது, யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது பார்க்க வேண்டியிருந்தது. அவள் கேபினுக்குள் போய் சீட்டில் பின்பக்கமாகத் திரும்பி முட்டி போட்டாள், அவர் தொட்டியில் முட்டி போட்டபடி கண்ணாடியைத் தூக்கி விளிம்பில் வைத்தார், சோப்புத்தண்ணி முழங்கை வரை வழிந்தது, நடுவில் புதுக் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் அவள் முகம், ஒரு சாண் தூரம். கழுத்தில் கீறல் ஆறி வெள்ளைக் கோடாகியிருந்தது. நான் அமுக்குற இடத்துல நீ இழு, என்று கத்தினார், அவள் தலையாட்டினாள், அவர் உள்ளங்கையை அழுத்த, அவள் அதே இடத்தில் கயிற்றைத் தன் பக்கம் இழுக்க, ரப்பரின் வாய் தகரத்தின் மேல் ஏறிப் படிந்தது, பிறகு கை அடுத்த இடத்துக்கு நகர, கயிறும் நகர... கீழ் ஓரம் முடிந்தது, இடப்பக்கம் முடிந்தது, மேலே ஏறியது. என்ன அழகாக இழுக்கிறாள், பதறாமல், ஒரே இழுப்பாக இழுத்தால் ரப்பர் கிழியும் என்று தெரிந்து, அவர் கை வரும்வரை காத்திருந்து. இன்னும் ஒரு பக்கம்தான், அது முடிந்தால் வேலை முடிந்தது. இதற்கு முன்னால் பிரேக் லைனிங் மாற்றியாயிற்று, ஆயில் மாற்றியாயிற்று, நாலு டயரையும் இடம் மாற்றிப் போட்டாயிற்று, வண்டியில் இனிமேல் தொடுவதற்கு ஒன்றுமில்லை. பாண்டியன், எனக்குத் தெரிந்த கடையில் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் சார் என்றபோது, வேண்டாம், நான் போடுகிறேன் என்று சொன்னவர் அவர்தான். இனி என்ன சொல்வது. கயிறு மேல் மூலைக்கு வந்தது, அவள் ஓட்டுகிற பக்கத்து மூலை, அங்கே அழுத்த வேண்டும், மூலையில்தான் அதிகம் அழுத்த வேண்டும், அவருக்குத் தெரியாதா, முப்பத்துமூன்று வருடம் வண்டிகளுக்குள்ளேயே கிடந்தவர்... கை தளர்ந்தது. தளர்ந்ததா, தளர்த்தினாரா? கயிறு சுலபமாக உருவிக்கொண்டு போனது, ரப்பரின் வாய் அந்த இடத்தில் மட்டும் ஏறாமல் உள்ளேயே மடங்கி நின்றது, வெளியிலிருந்து பார்த்தாலே அங்கே லேசான புடைப்பு தெரிந்தது. ஒரு மழை வந்தால் போதும். ஆடி போய் ஆவணி வந்தால் மழைதான். தோளில் சொட்டுச் சொட்டாக விழும், அவள் வண்டியை எடுத்துக்கொண்டு வருவாள், மாமா, ஒழுகுது மாமா என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீ குடிப்பாள்...

ஆச்சா மாமா? உதடு அசைந்ததை வைத்துப் புரிந்துகொண்டார். ஆச்சு, என்று தலையாட்டினார். அவள் அண்ணாந்து அந்த மூலையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். தண்ணி ஊத்திப் பாருங்க, என்று கையால் காட்டினாள்.

இன்னொரு வாளியில் நல்ல தண்ணீர் இருந்தது. ஒரு குவளை மொண்டு இந்தக் கடைசியிலிருந்து ஊற்றினார், கண்ணாடி முழுக்க நீர் படலமாக இறங்கியது, அதன் பின்னால் அவள் முகம் உருகி உருகிச் சேர்ந்தது. நடுவில் ஊற்றினார். அந்த மூலைக்கு வந்தபோது குவளை கனத்தது, ஊற்றாமல் விட்டுவிடலாமா, இல்லை, ஊற்றாவிட்டால் அவளுக்குச் சந்தேகம்... ஊற்றினார். உள்பக்கம் ஒரு கோடு கீழிறங்குவது தெரிந்தது, மெல்லிய கோடு, கண்ணாடியின் உள்பக்கமாக இறங்கி சீட்டின் முதுகில் சொட்டியது. இப்போது கத்துவாள், ஒழுகுது மாமா என்பாள், கழற்றுவார்கள், மறுபடி முதலிலிருந்து... அது இன்னும் நல்லது, இன்னொரு நாள். ஆனால் அவள் கத்தவில்லை. சீட்டில் கிடந்த கரண்டியை எடுத்தாள், முட்டியில் எழும்பி நின்றாள், கேபின் கூரையில் தலை இடிக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, மடங்கிய ரப்பருக்கடியில் காம்பை விட்டு, நகர்த்தி நகர்த்தி அந்த வாயைத் தகரத்துக்கு மேலே எடுத்துப் போட்டாள். கட்டைவிரலால் அழுத்தித் தடவினாள். துப்பட்டா முனையால் அந்த நீர்க்கோட்டைத் துடைத்தாள். பிறகு அவரைப் பார்த்து, ஊத்துங்க, என்று மறுபடி கையால் காட்டினாள். ஊற்றினார். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை.

தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து? இந்த மூலையைப் பார்த்தபோதா, ரப்பரை நிலா வெளிச்சத்தில் போட்டபோதா, ஆயில் மாற்றியபோதே தெரியுமா... கை குவளையோடு அப்படியே நின்றது, வெட்கம் காதுவரை ஏறியது. அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது, ஹாரன் சத்தம் கம்மியா இருக்கு மாமா, கொஞ்சம் பாருங்களேன் என்றாள், கழற்றினார், துடைத்தார், பகலெல்லாம் அதோடு உட்கார்ந்திருந்தார், மாட்டி அடித்தபோது முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது, இப்போ சூப்பர் மாமா என்றாள். ஹாரன் நன்றாகத்தான் இருந்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை. அதைச் சரியில்லை என்று சொன்னவர் அவர் இல்லையே, அவள்தானே... அப்படியென்றால் அவளும்...

கேபின் கதவு திறந்தது. லாவண்யா இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு தொட்டியின் பக்கம் வந்து நின்றாள், துப்பட்டாவின் ஈர முனையைப் பிழிந்தாள், அவர் மேலே, அவள் கீழே. மாடியில் அப்பாவு வீட்டு டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுக்களை ஜன்னலை அவள் ஒருமுறை பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வியாழக்கிழமை நீங்க வருவீங்கன்னு அவரு ஊட்டுல சொல்லிட்டேன். எங்க பக்கத்துல இருந்து வேற யாரும் வர மாட்டாங்க. அங்க யாராச்சும் கேட்டா, உங்கள எனக்கு யாருன்னு சொல்லட்டும் மாமா?"